பெரியவர் வாயில் மாட்டிய மரக்கெண்டை

நூல் வெறுமனே திரும்பி வந்தது. செங்கோடன் அறுந்த நுனியைப் பார்த்தான், மடுவைப் பார்த்தான், மறுபடியும் நுனியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒட்டிக்கொள்ளுமா? தண்ணீருக்கடியில் ஒரு பெரிய முதுகு புரண்டு பாறை இடுக்குக்குள் போனதை அவன் கண்ணாலேயே கண்டான். அதன் வாயோரத்தில் அவன் செய்த மரக்கெண்டை ஆடிக்கொண்டு போனதையும் கண்டான். "ஐயோ சாமி, போச்சே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, யாராவது கேட்டுத் தொலைத்தார்களோ என்று சுற்றிலும் பார்த்தான். உச்சி வெயில். கோயில் நடை சாத்திக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

வேறு ஆறாக இருந்தால் "போனால் போகுது" என்று வேட்டியை உதறிக்கொண்டு போயிருப்பான். இது கொல்லிமலை ஐயாறு. அதிலும் ஈசுவரன் கோயிலுக்குக் கீழே இருக்கிற மடு. அதில் கிடப்பதை மீன் என்று சொன்னால் மலைக்காரர்களுக்குக் கோபம் வரும். அவர்களுக்கு அது சாமி. காலையில் மீனுக்குச் சோறு போட்ட பிறகுதான் உள்ளே சாமிக்கே படையல். அந்தத் தண்ணீரில் சின்னப் பிள்ளை கூடக் கல் எறியாது. சரி, அவன் நூலை அறுத்தது ஏதோ ஒரு குஞ்சு மீனா என்றால் அதுவும் இல்லை. மடுவிலேயே மூத்தது, ஊரே 'பெரியவர்' என்று மரியாதை வைத்துக் கூப்பிடுகிற கெண்டை.

"இந்தப் புத்தி கெட்டவன் அங்கே போய் எதுக்குத் தூண்டில் போட்டான்?" என்று நீங்கள் திட்டுவது எனக்குக் கேட்கிறது. திட்டுங்கள், நானும் திட்டினவன்தான். ஆனால் அவன் தூண்டில் போடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செங்கோடனிடம் தொழில் என்னவென்று கேட்டால் வெள்ளாமை என்பான். ஒரு துண்டு சாமைக்காடு, வீட்டைச் சுற்றி நாலு மிளகுக்கொடி. ஆனால் அந்த மலையில் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மர அகப்பைதான். அரியூர் நாட்டிலிருந்து கோயில் ஊர் வரைக்கும் அவன் செய்த அகப்பை இல்லாத அடுப்படி கிடையாது. வேலை முடிந்ததும் காம்பின் அடியில் கத்தியால் மூன்று கீறல் போடுவான். எதற்கென்று அவனுக்கே தெரியாது, கை தானாகப் போட்டுவிடும். அந்தக் கீறலைப் பார்த்தால் "செங்கோடன் அகப்பை" என்று எந்தப் பெண்பிள்ளையும் சொல்லிவிடும். இந்தக் கீறலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் அவன் உயிரை வாங்கப் போகிறது.

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வியாபாரம் செய்கிறவர் ஷேக் பரீத் ராவுத்தர். மலைக்கு ரோடு ஏது அப்போது? அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடைதான். மூச்சு வாங்க ஏறி வந்து, வீடு வீடாக மிளகு பார்த்து, செங்கோடன் வீட்டில் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுத்தான் இறங்குவார். மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் தேங்கின சமயம் அது. சேலத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலும் கையுமாக அங்கே போய் நிற்பாராம். தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கட்ட, சீமையிலிருந்து அவர் கொண்டுவந்த மரமீனை ஒரு காவேரி மீன் கடித்துப் பிளந்துவிட்டது. பிளந்த மரமீன் கை மாறிக் கை மாறி ராவுத்தரிடம் வந்தது. அவர் அதைக் கொண்டுவந்து செங்கோடன் முன்னால் வைத்தார்.

"செங்கோடா, இதே மாதிரி ஒண்ணு செதுக்குவியா?"

"அகப்பை செய்யறவன்கிட்ட மீனைக் கொண்டாந்து குடுக்கறீங்களே ராவுத்தரே."

"அகப்பை மட்டும் என்னப்பா, அதுவும் கொழம்புக்குள்ள நீந்தறதுதானே?"

சிரித்துக்கொண்டே கையில் எடுத்தான். எடுத்த கை அதை விடவில்லை. இப்படித்தான் ஆரம்பித்தது.

குமிழ மரம் இதற்கு நல்ல வாகு. கனம் இல்லை, வெடிக்காது, கத்தி சொன்னபடி கேட்கும். நடுவிரலை விடக் கொஞ்சம் நீளமாக ஒரு கெண்டை செதுக்குவான். வயிற்றில் துளை போட்டுத் துளி ஈயம் உருக்கி ஊற்றுவான், இல்லாவிட்டால் தண்ணீரில் மல்லாந்துவிடும். மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு சின்ன நாக்கு வெட்டித் தாடைக்குக் கீழே செருகுவான். இழுத்தால் தலையை ஆட்டி ஆட்டிப் போவது அந்த நாக்கால்தான். மூக்கில் நூல் கட்ட ஒரு பித்தளைக் கம்பி வளையம், வயிற்றில் கொக்கி மாட்ட இன்னொரு வளையம். அப்புறம் சொரசொரப்பான பிராய் இலையால் தேய் தேய் என்று தேய்த்து, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசுவான். கடைசியில் கண். அதற்குக் குன்றிமணி. கண் வைத்ததும் கத்தி தானாக வயிற்றுப் பக்கம் போய் மூன்று கீறல் போட்டுவிடும்.

"ஏனுங்க, இதுலயுமா?" என்பாள் அவன் பெண்சாதி அத்தாயி.

"கைக்கு அகப்பை எது, மீனு எதுன்னு என்ன தெரியும்?" என்று சிரிப்பான்.

இதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் நடக்கிற வேலை. சீவல் அத்தனையும் அடுப்புக்குள் போய்விடும். செய்த மீன் மிளகு மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு மலை இறங்கிவிடும். அவர்கள் மகள் கண்ணாயியைத் தவிர வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஏன் இத்தனை ஒளிவு? கும்பிடுகிற உருவத்துக்கு வயிற்றில் கொக்கி மாட்டுகிறான் என்று ஊருக்குத் தெரிந்தால் சும்மா விடுமா?

அத்தாயிக்கே மனசு ஒப்பவில்லை. "சாமி உருவமுங்க. கூசலையா உங்களுக்கு?"

"இது கீழ்நாட்டு மீனுக்கு, புள்ள. காவேரி மீனு சாமி இல்ல."

"அதை யாரு சொன்னா? காவேரி மீனு வந்து உங்க காதுல சொல்லுச்சா?"

அதோடு வேலையை விட்டிருக்க வேண்டும். விட்டானா? இன்னும் ஒரு படி மேலே போனான். மரக்கெண்டை மிதக்கிறதா என்று அண்டாத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிடலாம். உயிர் மீன் மாதிரி போகிறதா என்று ஓடுகிற தண்ணீரில் இழுத்துப் பார்க்கலாம். ஆனால் மீன் அதை நம்புகிறதா என்று மீனைத்தானே கேட்க வேண்டும்? மற்ற மடுக்களில் மனுஷ நிழல் பட்டாலே மீன் ஓடிவிடும். கோயில் மடு மீன்கள் காலைச் சுற்றிச் சுற்றி வரும். அதனால் அவனாக ஒரு வழி கண்டுபிடித்தான். கொக்கியைக் கழற்றிக் கரைக்கு மேலே ஓர் இலையில் வைப்பான். கையைக் கழுவி, கும்பிட்டு, "சாமி, கொக்கி இல்லீங்க. சும்மா பாத்து நல்லாருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்பான். மரக்கெண்டையை நூலில் கட்டி இழுப்பான். பெரியவர் பின்னாலேயே வந்தால் மீன் தேறிவிட்டது. வராவிட்டால் வீட்டுக்குப் போய் நாக்கைத் திருத்துவான். வந்து பார்த்ததற்குக் கூலியாக ஒரு கேழ்வரகுக் களி உருண்டை பெரியவர் வாயில் போடுவான். சாமியிடம் கேட்டுத்தானே செய்கிறோம், இதில் என்ன பாவம் என்பது அவன் கட்சி. இப்படி ஒரு நியாயம் அந்த மலையில் பிறந்தவனுக்குத்தான் தோன்றும்.

ராவுத்தர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவசரத்தில் கொக்கியைக் கழற்றினவன், கொக்கி மாட்டுகிற வளையத்தை மூட மறந்துவிட்டான். வாய் பிளந்த பித்தளைக் கம்பி கொக்கிக்கு என்ன குறைச்சல்? பெரியவர் வந்தார், வழக்கம் போல மூக்கால் இடித்துப் பார்த்தார், கம்பி உதட்டோரத்தில் ஏறிவிட்டது. ஒரே வெட்டு. நூல் அறுந்தது.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. அத்தாயி முகத்தைப் பார்த்ததுமே, "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வாரீங்க?" என்றாள். சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அவரு செத்து மெதந்தா வாயில என்ன இருக்குதுன்னு பாப்பாங்களே. உங்க கீறலு இருக்குமே அதுல. சென்னம்மாக்கா கண்ணுல பட்டா என்னாகும்?"

இந்தச் சென்னம்மாள் யார் என்று சொல்ல வேண்டும். மீனுக்குச் சோறு போடுகிற முறைக்காரி. விடிந்ததும் ஒரு சின்னப் பானையில் சாமைச் சோறு ஆக்கிக்கொண்டு மடுவுக்கு வருவாள். எந்த மீனுக்கு எந்தச் செதில் உதிர்ந்தது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். வாய் என்றால் அப்பேர்ப்பட்ட வாய். அவள் சந்தைக்குப் போனால் தராசு பிடிக்கிறவன் கை நடுங்கும். இவள் மகன் அப்பாசாமிக்குத்தான் கண்ணாயியைப் பேசி வெற்றிலை மாற்றியிருந்தது. ஆவணியில் கலியாணம்.

ஊர் விலக்கு என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நெருப்புக் கொடுக்க மாட்டார்கள். தண்ணீர்த் துறையில் இறங்க விட மாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது. பெண் எடுக்கிறது கொடுக்கிறது எல்லாம் அத்தோடு சரி. சாமி மீனைக் கொன்றவனுக்கு அதற்குக் குறைந்து என்ன கொடுப்பார்கள்? செங்கோடனுக்குத் தன்னைப் பற்றிக் கூடக் கவலை இல்லை. உள்ளே உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழுதிருந்தால் கூட அவனால் தாங்கியிருக்க முடியும்.

மறுநாள் காலையில் சும்மா இருக்க முடியாமல் மடுவுக்குப் போனான். சென்னம்மாள் தண்ணீரோரம் நின்று அகப்பையால் பானையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்குத்தான் மீன்கள் கூடும். எல்லாம் வந்தன. ஒன்று வரவில்லை.

"பெரியவரைக் காணமே. நான் கூப்புட்டு வராம இருக்கமாட்டாரே" என்றவள் இவனைப் பார்த்துவிட்டாள். "ஏனுங்க சம்பந்தி, நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க. நான் எதுக்குங்க இந்தப் பக்கம் வாரேன்?"

"இப்ப இந்தப் பக்கந்தானே நிக்கறீங்க?"

"மாடு... மாட்டைத் தேடி வந்தேனுங்க" என்றான். அவன் வீட்டில் மாடு இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஏதோ நினைப்பில் அவள் கேட்டதோடு விட்டுவிட்டாள். அவன் திரும்பும்போது பாறை இடுக்கில் ஒரு சிவப்புப் பொட்டு மினுங்கியதைப் பார்த்தான். குன்றிமணி. மரம் மேலே மிதக்கப் பார்க்கிறது, மீன் கீழே இருக்கப் பார்க்கிறது. உள்ளுக்குள் கிடந்து அந்த ஜீவன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. தனக்காகப் பயந்தது போய், அந்த மீனுக்காக அழுகை வந்தது அப்போதுதான்.

அப்புறம் சோறு இறங்கவில்லை. மிச்சம் இருந்த மரக்கெண்டைகளையும் துரையின் பிளந்த மீனையும் சேர்த்து அடுப்பில் போட்டான். குங்கிலியம் பட்டுப் புஸ்ஸென்று எரிந்தது. வாசலில் யார் குரல் கேட்டாலும் அத்தாயி கதவுக்கு ஓடினாள். யாராவது சும்மா அகப்பை கேட்டு வந்தால் கூட இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. மடுவில் இறங்கி மீனைப் பிடித்துக் கம்பியை எடுத்துவிடலாம் என்றால், பெரியவரைக் காணோம் என்றதிலிருந்து அப்பாசாமி பகல் முழுக்கக் கரையிலேயே காவல் உட்கார்ந்துவிட்டான். ராத்திரி இருட்டில் மடுவுக்குள் எந்த மீனை எங்கே தேடுவது? வருங்கால மருமகன், "வாங்க மாமா, உக்காருங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுவான். இவன் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவான்.

போதாக்குறைக்கு அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. ஆடி பிறந்தும் ஆற்றில் கணுக்காலளவு தண்ணீர்தான் ஓடியது. பெரியவரைக் காணோம், மழையும் காணோம். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாமல் இருக்குமா? ஊர்க்கவுண்டர் காளியண்ணன் ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

"யாரோ மடுவுல கை வெச்சிருக்கறான். பதினெட்டாம் பெருக்கன்னிக்கு வீட்டுக்கு ஒரு ஆம்பள ஆத்துல முழுகி, ஈரத்துணியோட வந்து கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணோணும். பண்ண மாட்டேங்கறவன் யாரோ அவந்தான்."

செங்கோடன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பொய்ச் சத்தியம் பண்ணினால் சாமி விடாது. உண்மையைச் சொன்னால் ஊர் விடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் கண்ணாயி நின்றாள்.

இந்த நேரம் பார்த்து ராவுத்தர் மூச்சு வாங்க ஏறி வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுக் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"துரைக்கு நான் என்னமோ சொல்லிக்கறேன், அதை விடு. உங்க கவுண்டர்கிட்ட நான் வந்து, நாந்தான் செய்யச் சொன்னேன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க ராவுத்தரே. மடுவுல நீங்களா நூலை விட்டீங்க? அதுக்கப்புறம் உங்களையும் இந்த மலை ஏற விடமாட்டாங்க."

"அப்ப என்ன பண்ணப் போறே?"

"தெரியலீங்க" என்றான். உண்மையிலேயே தெரியவில்லை. ராவுத்தர் அன்றைக்கு மோர் குடிக்காமலே இறங்கிப் போனார்.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. ஜனமென்றால் ஜனம். கீழ்நாட்டிலிருந்தும் ஏறி வந்திருந்தார்கள். மடுவுக்கு மேலே இருந்த கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் காளியண்ணன் கற்பூரத் தட்டோடு நின்றார். சென்னம்மாள் தன் சோற்றுப் பானையோடு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வீட்டு ஆம்பிளையாக ஆற்றில் இறங்கினார்கள். செங்கோடன் மடுவோரம் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்த நிமிஷத்தில்தான் முடிவு கட்டினான். மகளுக்கு வேறு மாப்பிள்ளை கிடைக்காமலே போனாலும், சாமி முன்னால் பொய் சொன்ன அப்பனோடு அவள் இருக்க வேண்டாம் என்று நினைத்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகக் குனிந்தான்.

முழங்காலில் ஏதோ இடித்தது. மெத்தென்று ஒரு மூக்கு. பக்கத்தில் ஒரு கட்டை உரசியது.

பெரியவர்! களி உருண்டை போட்டவன் காலைத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அத்தனை கால்களுக்கு நடுவில் இந்தக் காலைத் தேடி வந்திருந்தார். செங்கோடன் கையைத் தாழ்த்தினான். மீன் நகரவில்லை. உதட்டோரத்தைத் தடவிக் கம்பியைப் பிடித்து, மரத்தைச் செதுக்குகிற அதே பதத்தோடு, மெல்ல ஒரு திருப்புத் திருப்பினான். கழன்றுவிட்டது. மீன் ஒரு சுழல் சுழன்று தண்ணீர்மேல் வந்து புரண்டு உள்ளே போனது.

மரக்கெண்டையை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தான். அவன் தேய்த்த தேய்ப்புக்கு அது கையில் நிற்குமா? வழுக்கிவிட்டது. குமிழ மரம் தண்ணீருக்கடியில் சும்மா இருக்குமா? பொசுக்கென்று மேலே வந்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், இரண்டு சிவப்புக் கண்ணையும் காட்டிக்கொண்டு மிதந்தது.

"அய்யோ பாருங்க! பெரியவரு வாயிலிருந்து ஒரு மீனு!" என்று கரையில் இருந்த ஒரு பெண்பிள்ளை வீறிட்டாள்.

"மரத்துல மீனு!"

"சாமி குடுத்திருக்குதுடா!"

"அரோகரா!" என்று ஒரே கூச்சல். கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காளியண்ணன் ஓடி வந்தார். கை படக் கூடாது என்று வாழை இலையால் அள்ளி எடுத்தார். பெரியவரும் வந்துவிட்டார், சாமியும் உருவம் கொடுத்துவிட்டது, இனிமேல் யார் எதற்குச் சத்தியம் பண்ண வேண்டும்? அன்றைக்குச் சாயங்காலமே மழையும் வந்து தொலைத்தது. இனி அந்த ஜனத்தை மாற்ற யாரால் முடியும்?

மீனுக்குச் சோறு போடுகிற கைதான் இதைக் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கவுண்டர் இலையைச் சென்னம்மாளிடம் கொடுத்தார். செங்கோடன் ஈரத்துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். முதுகைத் தேய்த்தாள். திருப்பி வயிற்றைத் தேய்த்தாள். அங்கே அவள் பெருவிரல் நின்றது.

"சந்தனம் எங்கடி? நெறையக் கொண்டா" என்றாள் சென்னம்மாள். வயிறு தெரியாமல் அப்பினாள். மேலே பூவைச் சுற்றினாள். கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். இவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தப்பித்துவிட்டான் என்று நினைக்கிறீர்களா? அதற்கப்புறம்தான் நரகம். அவள் பார்த்தாளா, பார்க்கவில்லையா? பார்த்திருந்தால் ஏன் சொல்லவில்லை? கலியாணத்தன்று பந்தலில் வைத்துச் சொல்லப் போகிறாளோ? ஊர் ஜனம் போய் அந்த மரக்கெண்டையைக் கும்பிட்டுவிட்டு வருகிற போதெல்லாம் செங்கோடனுக்குக் குலை நடுங்கும். சந்தனம் காய்ந்து உதிர்ந்தால் போதும், கீறல் வெளியே வந்துவிடும். அகப்பைக்கு மரம் வெட்டக் கூட அவனுக்குக் கை வரவில்லை.

"போயி சென்னம்மாக்காகிட்டச் சொல்லிப்போடுங்க. சொல்லிக் கால்ல உழுந்துருங்க" என்றாள் அத்தாயி.

"பாக்காம இருந்திருந்தா? நானே போயி மாட்டிக்கறதா?"

"அப்ப இப்படியே செத்துச் செத்துப் பொழைங்க."

அப்படித்தான் பிழைத்தான். ஆவணி வந்தது, தாலி ஏறியது, பந்தலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. பொண்ணு மாப்பிள்ளையைக் கன்னிமார் கல்லுக்கு அழைத்துப் போனார்கள். கூட வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு விருந்துக்கு நகர்ந்தார்கள். சென்னம்மாள் மட்டும் நின்றாள். "சம்பந்தி, கொஞ்சம் நில்லுங்க" என்றாள்.

நின்றான். நிற்காமல் எங்கே போவான்?

அவள் மரக்கெண்டையை எடுத்துப் பழைய சந்தனத்தைத் துடைத்தாள். துடைத்து அவன் கையில் கொடுத்தாள். செங்கோடன் பார்த்தான். தாடையில் தகர நாக்கு இல்லை. வளையம் இரண்டையும் பிடுங்கி, துளையில் தேன்மெழுகு அடைத்திருந்தது. வயிற்றைத் திருப்பினான். மூன்று கீறல் இருந்த இடம் குழியும் மேடுமாகக் கிடந்தது. காய் அரிகிற அரிவாள்மனையில் வைத்துச் சுரண்டி, பிராய் இலையை வைத்துத் தேய்த்த வேலை. கத்தி பிடிக்கத் தெரியாத கை. ஆனால் விடாமல் தேய்த்திருக்கிறது. ஒரு கீறல் மிச்சம் இல்லை.

"அன்னிக்கே தெரியுமுங்களா?" என்றான்.

"எங்க ஊட்டு அகப்பையைத் தெனமும் புடிக்கற வெரலுக்கு அந்தக் கீறலு தெரியாதுங்களா?" என்றாள் சென்னம்மாள். "உங்க மேல எனக்கு வந்த ஆத்தரத்துக்கு அங்கயே கத்தியிருப்பேன். ஆனா அவரு உங்க காலைத் தேடி வந்ததையும் பாத்தேன், நீங்க குனிஞ்சு கம்பியைக் கழட்டுனதையும் மேலிருந்து பாத்தேன். அவரே உங்களை மன்னிச்சுட்டாரு, நான் எதுக்குங்க நடுவுல? அதுவுமில்லாம உங்களை ஊரு தள்ளி வெச்சா எம் மருமவ அம்மா ஊடுன்னு எங்கீங்க போவா?"

மரக்கெண்டையை வாங்கிப் பழையபடி சந்தனம் பூசி வைத்தாள். பக்கத்தில் வைத்திருந்த சோற்றுப் பானைக்குள் கையை விட்டு, காம்பு ஆடுகிற ஓர் அகப்பையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இதைச் சரி பண்ணிக் குடுங்க. இனிமே இதை மட்டும் செய்யுங்க."

செங்கோடன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். காம்பின் அடியில் மூன்று கீறலும் அப்படியே இருந்தன. அவன் அங்கேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பன் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.